கரைத்த நேரத்தையும் எழுதுங்கள்

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு அட்டவணை போடும் அதிகாரிகளுக்கு, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவனின் வணக்கம்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அரசூர் என்பது விழுப்புரம் தாண்டி வரும் ஒரு கூட்டுரோடு, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஆட்டுச்சளி வாடை அடிக்கும். 1987-இல் அங்கே செம்மறிகளுக்கு வந்த நோய்தான் இந்தியாவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட ஆட்டுக்கொல்லி. மாடுகளைக் கொன்றுவந்த வெக்கை நோய்க்கும் இதற்கும் அறிகுறி அப்படியே ஒத்துப்போகும்: காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பீச்சல். இரண்டு கிருமியும் பங்காளிகள். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையும் அதே வம்சம்தான்.

அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியையே நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் குரங்குச் சிறுநீரகச் செல்களில் 75 முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார்கள். பெயரும் ‘அரசூர் 87’. நோய் கண்ட ஊர்ப் பெயரே மருந்துக்கும் நின்றுவிட்டது. வடக்கே முக்தேஸ்வர் கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் இமாச்சலத்து ஆட்டிலிருந்து ‘சுங்ரி 96’ என்ற இன்னொரு தடுப்பூசி தயாரானது. தோலுக்கடியில் ஒரு மில்லி போட்டால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் காக்கும். இதைவிட ஒரு விஞ்ஞானி என்ன செய்து தரவேண்டும்?

தவறு நடக்கும் இடம் ஆய்வுக்கூடம் இல்லை, நம்முடைய ஐஸ் பெட்டி. குப்பியில் உலர்ந்த தூளாக இருப்பது உயிருள்ள கிருமி. கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். என் கைக்கு வந்ததெல்லாம் நூறு ஆட்டுக் குப்பி. ஊரிலோ ஒருவரிடம் ஆறு, இன்னொருவரிடம் நாலு. அதிலும் முகாம் ஒன்பது மணி என்று தாளில் இருக்கும். எட்டு மணிக்கே ஆடு ஏரிக்கரைக்குப் போயிருக்கும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சித்திரையில், பட்டி நிறைய ஆடு நின்றதைப் பார்த்துக் காலை ஏழு பத்துக்குக் குப்பியைக் கரைத்தேன். அறுபது ஆட்டுக்குப் போட்டேன். மிச்சத்தை ஓட்டிவரப் போன பையன் பத்தரைக்குத்தான் வந்தான். பெட்டியில் ஐஸ் தண்ணீராகி, குப்பி அதில் மிதந்துகொண்டிருந்தது. கொட்டியிருக்க வேண்டும். நாற்பது டோஸ் வீண் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்ற பயத்தில் போட்டுவிட்டேன். பதிவேட்டில் ‘100’ என்று அழகாக எழுதினேன்.

ஆடி மாதம் அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி மூக்கொழுகும் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மருந்தக வாசலில் உட்கார்ந்திருந்தார். “ஏன் சார், நீங்கதானே ஊசி போட்டீங்க?” அவ்வளவுதான் கேட்டார். அவருடைய ஏழு உருப்படியும் கடைசி நாற்பதில் சேர்ந்தவை. மருந்து செத்ததுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. செஞ்சி சந்தையிலிருந்து புதிதாக வந்த கிடா ஒன்றும் அந்தப் பட்டியில் இருந்தது. ஆனால் ஊசி சரியாக வேலை செய்திருந்தால் அந்தக் கிடாவால் என்ன ஆகியிருக்கும்?

மாட்டு வெக்கையை 2011-இல் உலகத்தை விட்டே ஒழித்தாகிவிட்டது. ஆட்டுக்கொல்லிக்கு 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள். முடியாத காரியம் இல்லை. ஆனால் ஆட்டைப் பொறுத்தவரை ஒரு தொல்லை: மாடு வருஷக்கணக்கில் நிற்கும், ஆடு நிற்காது. இந்த வருஷம் ஊசி போட்டது தீபாவளிக்குக் கறியாகிவிடும், அந்த இடத்தில் புதுக் குட்டி நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு டோஸும் உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்கிறேன்.

முகாமை விடிகாலை ஐந்தரைக்கு வையுங்கள், பட்டி திறக்கும் முன். பணியாளர் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுத்தவன்தான். சின்னக் குடியிருப்புகளுக்குச் சின்னக் குப்பியாகப் பார்த்து ஒதுக்குங்கள். நேரம் தாண்டிய மருந்தைக் கொட்டியவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். கொட்டாமல் நூற்றுக்கு நூறு காட்டியவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டம் போதும்: குப்பியைக் கரைத்த நேரம், கடைசி ஆட்டுக்குப் போட்ட நேரம்.

என் பழைய பதிவேட்டில் அந்தக் கட்டங்கள் இருந்திருந்தால், 7.10 என்று எழுதியபின் 10.30 என்று எழுத எனக்குக் கை வந்திருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்