ஒன்பது பேர் ஒரே நீரில்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இந்த ஆண்டுப் பொங்கல் மலர் ஒன்றில் வெளிவந்த மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிரை முழுவதுமாக நிரப்பி முடிக்க எனக்கு 19 நாள்கள் ஆயின. கட்டங்களில் எழுதியது என் கை என்றாலும், எழுத வேண்டிய எழுத்துகளில் பாதிக்கு மேல் பிறர் தந்தவை. அவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்று மனம் சொல்லிக்கொண்டே இருப்பதால், கீழக்கரைப் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரியும் நான் ஊரறிய இந்த மடலை எழுதுகிறேன்.

புதிரின் தலைப்பில் ஒரே ஒரு வரி இருந்தது: "ஒன்பது பேர் ஒரே நீரில் நிற்கிறார்கள்; யார் யாரென்று கண்டறிக." மொத்தம் 32 சொற்களில் எந்த ஒன்பது சொற்கள் அந்த ஒன்பது பேர் என்பதற்கு வேறு எந்த அடையாளமும் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் வாழும் ஒருவருக்கு ஒன்பது என்ற எண்ணும் நீரில் நிற்பது என்ற செயலும் சேர்ந்து வந்தால் முதலில் எது நினைவுக்கு வருமோ, அதுவே எனக்கும் வந்தது. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை மனத்தில் வைத்துக்கொண்டு, சூரியன் முதல் கேது வரை ஒவ்வொரு கோளின் பெயரையும் மறுபெயரையும் கட்டங்களில் பொருத்திப் பார்ப்பதிலேயே முதல் வாரம் கழிந்தது. ஒன்றும் பொருந்தவில்லை.

அந்த நிலையில் எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் தெருவில் மகள் வீட்டில் தங்கியிருக்கும், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். பாம்பன் பாலத்தில் காற்று கூடி ரயில்கள் நிறுத்தப்படும் வேளைகளில் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இந்தக் கலையைக் கற்றவர் அவர். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் சொல்லுக்கு நேர்ப்பொருள் மட்டுமே குறிப்பாகக் கொடுக்கப்பட்டது என்பதையும், 1926 முதல் லண்டன் அப்சர்வர் இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ்தான் குறிப்பு முழுவதையும் மறைபொருளாக்கும் முறையை வளர்த்தவர் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். வரலாற்றைவிட எனக்கு உதவியது அவர் சொன்ன ஒரு வாசகம். "மேலே தெரியுற கதையை நம்பாதீங்கம்மா, எழுத்தை எண்ணுங்க. குறிப்போட ஏதாவது ஒரு முனையில நேர்ப்பொருள் இருக்கும். மிச்சமெல்லாம் சொல்லைக் கட்டுற வழி." ஐயா, அன்று மாலை உங்கள் வீட்டுத் திண்ணையில் நான் எழுதிக்கொண்ட அந்த வரி இன்றும் புதிர்த்தாளின் ஓரத்தில் இருக்கிறது.

அதன்பிறகு குறிப்புகள் வழிவிடத் தொடங்கின. ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. "பிடிவாதக்காரர் கையில் மூன்றே காலுடன் சிக்கியது பாடுபடு (3)" என்பதை நான் அதுவரை கடிகார நேரமாகவே படித்து வந்திருந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர் நினைவுக்கு வந்ததும், பாடுபடு என்பதற்கும் முயல் என்பதே விடை என்பது தெளிந்தது. "கபடமற்றவர் இறுதியை இழந்து தகப்பனானார் (3)" என்பதில் அப்பாவியின் கடைசி எழுத்து நீங்கி அப்பா நின்றார். "தலை யாரிடம் இருக்கிறது? உள்ளே ஊர்க்காவலர் (4)" என்ற கேள்விக்குள்ளேயே தலையாரி ஒளிந்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது "வள்ளியின் தலை போய் முருகனின் தலை வந்தால் முட்செடி (3)" என்ற குறிப்பு. முருகனின் முதலெழுத்தை வள்ளியின் முதலெழுத்துக்குப் பதிலாக வைத்தால் முள்ளி. தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பகுத்துக் காட்டுவதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு, சொல் பிரியாமல் இருபொருள் தரும் முயலும், பிரித்தால்தான் பொருள் தரும் வேறு சில விடைகளும் புதியவையாகத் தோன்றவில்லை. பழைய வீட்டுக்கு வேறொரு வாசல் வழியாக நுழைந்தது போலவே இருந்தது. உயிரும் மெய்யும் கூடி ஒரே கட்டத்தில் அமர்ந்துகொள்ளும் நம் எழுத்துமுறைக்கு இந்த விளையாட்டு எவ்வளவு பொருந்துகிறது என்பதைத் தமிழ் படித்தவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் அனுபவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"நாயிடம் எதை நிமிர்த்த முடியாது? இளம்பெண் (2)" என்பதற்கு வாலை என்று எழுதிவிட்டு, இளம்பெண் என்ற பொருள் உறுதிதானா என்று ஐயுற்றபோது, நூலகம் மூடும் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காமல், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் உரிய தொகுதியை எடுத்துவந்து மேசைமீது விரித்துவைத்த நூலகருக்கு என் நன்றி.

புதிர் உண்மையில் என்னைக் கட்டிப்போட்ட இடம் இனிமேல்தான் வருகிறது. "பாம்புக்கு முன்னால் வருவது நீருக்கு முன்னாலும் வந்தால் குடத்தில் பிடிக்கலாம்" என்ற குறிப்பைப் படித்தவுடனே நல்ல பாம்பும் நல்ல தண்ணீரும் தெரிந்துவிட்டன. ஆனால் நல்லதண்ணீர் என்பதற்கு ஏழு கட்டங்கள் வேண்டும், இருந்தவையோ ஆறு. "அழுதால் கன்னத்தில் ஓடும், அடித்தால் கரையில் ஓடும்" என்ற மற்றொரு குறிப்பிலும் இதே சிக்கல். உப்புத்தண்ணீருக்கு எட்டுக் கட்டங்கள் தேவைப்பட, ஏழுதான் இருந்தன. எண்ணிக்கையைச் சரிபார்த்துத் தந்தவன் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். "டீச்சர், 'தண்ணி'ன்னு போட்டா ரெண்டும் சரியா வருது" என்றான். அவன் சொன்னது சரி. மற்ற 30 சொற்களையும் செந்தமிழில் அமைத்த ஒருவர் இந்த இரண்டை மட்டும் பேச்சுவழக்கில் விட்டிருப்பது பிழை என்று கருதி, இரண்டையும் சிவப்பு மையால் சுழித்துவைத்தேன். அந்தச் சுழிப்புக்காகப் புதிராசிரியரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை குழாயடியில், காவிரித் தண்ணி வரும் வரை குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றிருந்தபோது, அந்த மாணவனின் தாயாரிடம் இந்த இரண்டு சொற்களைப் பற்றிச் சொன்னேன். கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது அவருடைய தொழில். பாறையில் உரசாமலிருக்க விரல்களில் சுற்றும் துணிப்பட்டைகளைத் துவைத்து, ஈரத்தோடு குடத்தின் கழுத்தில் காயப் போட்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், "நல்லதண்ணின்னா எது டீச்சர், குடிக்கிறதா, தீவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் புதிர் முழுவதும் திறந்துகொண்டது. நான் வாயடைத்து நிற்க, அக்கா குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு ஈரமண்ணில் ஒரு சிப்பியால் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு கோடு இழுத்து, அதன்மேல் புள்ளி வைத்துக்கொண்டே பெயர் சொல்லத் தொடங்கினார். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் என்று மண்டபத்துக்கு எதிரே உள்ளவை. பிறகு எங்கள் ஊருக்கு எதிரே முள்ளி, வாலை, தலையாரி, அப்பா. அதற்கும் அப்பால், வேம்பாருக்கு நேரே நல்லதண்ணியும் உப்புத்தண்ணியும். என் தாளில் தனித்தனியாகக் கிடந்த விலங்கும் செடியும் இளம்பெண்ணும் காவலரும் தகப்பனும் அவருடைய கோட்டில் ஒரே கடலில் நின்றார்கள். பரமக்குடியில் பிறந்து, இந்தக் கடலோரத்தில் 14 ஆண்டுகளாக வாழும் நான், வகுப்பறைச் சன்னலிலிருந்து தினமும் பார்க்கும் தீவுகளின் பெயர்களை ஒருவரிடமும் கேட்டதில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன, 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன என்று பொது அறிவுப் பாடத்தில் எண்ணாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று அனுமதியின்றி அந்தத் தீவுகளில் கால்வைக்கத் தடை இருக்கிறது. தம் தாயார் அங்கேயே தங்கிப் பாசி எடுத்த காலத்தைக் கேட்டு வளர்ந்ததால், மணலில் சிப்பியால் வரைந்து காட்டும் அளவுக்கு அக்காவுக்கு அந்த வரிசை மனப்பாடமாக இருக்கிறது. அக்கா, தண்ணீர் வந்த பிறகும் உங்கள் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, நான் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளும் வரை நின்றீர்களே, அந்தக் காலைப் பொழுதை நான் மறக்க மாட்டேன்.

எட்டாவதாக வான் கிடைத்தது. "வா என்றதும் மன்னனின் கடைசி வந்தால் மழை தரும் (2)" என்று முதல் நாளே விடுவித்த சொல் அது. கோள்களைத் தேடிய நாள்களில் என் தவறான எண்ணத்துக்குத் துணைநின்றதும் அதுவே. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு இருக்கிறது. ஒன்பதாவது குறிப்பு மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. "வாகனத்தை ஒற்று வைத்து விற்றால் சிறுகாசு (6)" என்பதில் சொல்லைக் கட்டும் வழி இருந்ததே தவிர, பெரியவர் சொன்ன நேர்ப்பொருள் எந்த முனையிலும் இல்லை. காரை, ச், சல்லி என்று சேர்த்துக் காரைச்சல்லி என்று எழுதினாலும், அப்படி ஒரு சொல் பேரகராதியில் இல்லாதபோது எதை வைத்து உறுதிசெய்வது? அக்காவின் வரிசை வேம்பாரோடு நின்றுவிட்டது. தூத்துக்குடியில் விசைப்படகு ஓட்டும் என் தோழியின் கணவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "காரைச்சல்லிதானே, இருக்கே" என்று உடனே சொன்னார். அதிகாலையில் கரைதிரும்பிய களைப்போடு என் கேள்விக்குப் பதில் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

பெயர் வெளியிடாத புதிராசிரியருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. தீவு என்ற சொல்லைப் புதிரில் எங்குமே பயன்படுத்தாமல் ஒன்பது தீவுகளை எங்கள் கண்முன் நிறுத்தியிருக்கிறீர்கள். கடலோர மக்கள் வழங்கும் பெயரை இலக்கணத்துக்காகத் திருத்தாமல், தண்ணி என்பதைத் தண்ணியாகவே விட்டிருக்கிறீர்கள். காரைச்சல்லிக்குப் பொருள் சொல்லாமல் விட்டதை முதலில் குறையென்று எண்ணினேன். கருப்பொருளைக் கண்டவர் மட்டுமே அதை உறுதிசெய்ய முடியும் என்பதால், அதுவே புதிரின் சாவி என்று இப்போது புரிகிறது.

அந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. அவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கு எதிரே இருந்தது. உங்கள் புதிருக்குக் கைம்மாறாக, நானும் என் மாணவனும் சேர்ந்து அந்தத் தீவுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறோம்: "மலரும் மன்னனும் சிற்றூரும் சேர்ந்து நீரில் மூழ்கியது (8)." அவன் தன் தாயாரிடம் அதைப் படித்துக் காட்டினான். கடைசிச் சொல்லுக்கு அவன் வருவதற்கு முன்பே அக்கா தீவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
கீழக்கரைக் கடலோரத்திலிருந்து ஒரு தமிழாசிரியை