முன்பணம் கொடுத்துவிடாதே, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று நீ அனுப்பிய போட்டோவை அம்மா பெரிதாக்கிக் காட்டினாள். இடிபட்ட உன் காருக்காக நீ பார்த்திருக்கும், புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடை வாசலில் சாய்த்து வைத்திருக்கும் அந்த வலதுபக்க அப்ரானும் சைடு மெம்பரும், அதாவது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் தகரச் சுவரும் அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டமும், பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. துரு இல்லை, விலையும் பரவாயில்லை. ஆனாலும் முன்பணம் கொடுத்துவிடாதே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கதவு, பானெட், பெண்டர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கொஞ்சம் இடிக்கிறது என்றால் தட்டிக் கொட்டி ஒட்ட வைத்துவிடலாம். அப்ரான் அப்படியில்லை. ஷாக் அப்சார்பரின் தலை உட்காருவது அதில்தான். அதோடு சேர்ந்த சைடு மெம்பர் இன்ஜினின் ஒரு பக்கத்தைத் தாங்குகிறது. வெல்டிங் அடித்த பிறகு தப்பு தெரிந்தால் மறுபடி அறுக்க வேண்டியதுதான்.

உன்னுடையது 2013 டீசல் ஸ்விஃப்ட். "ஸ்விஃப்டுதான் மேடம், அப்படியே உட்காரும்" என்பார் கடைக்காரர். எந்த ஸ்விஃப்ட் என்று கேள். 2005ல் வந்தது ஒன்று, 2011ல் வந்தது இன்னொன்று, 2018ல் வந்தது அடித்தளத்திலிருந்தே வேறு. உனக்கு வேண்டியது நடுவில் உள்ளது. அதிலும் பெட்ரோல் வண்டியில் அறுத்ததா, டீசலில் அறுத்ததா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் வேறு என்றால் அதைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்கும் வேறு. உன் போட்டோவில் அந்த மவுண்டிங் பிராக்கெட் இருக்கும் இடம் நிழலில் மறைந்திருக்கிறது. நான் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான்!

இதில் நான் அடிபட்டவன். நீ பிளஸ் டூ படித்த வருஷம் ஒரு டீசல் வண்டிக்கு அவசரத்தில் பெட்ரோல் வண்டியின் அப்ரானை வாங்கிவந்துவிட்டேன். பிராக்கெட்டை மட்டும் பழையதிலிருந்து அறுத்து வைத்து வெல்டிங் அடித்தேன். வண்டிக்காரர் பத்து நாளில் திரும்பி வந்தார். ஸ்டியரிங் நடுங்குகிறது, முன் டயர் ஒருபக்கம் தேய்கிறது என்றார். உன் காலேஜ் பீஸுக்கு எடுத்து வைத்த பணத்தில்தான் இரண்டாவது அப்ரான் வந்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டாதே.

ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்கச் சேஸ் நம்பரை எடுத்துக்கொண்டு மாருதி ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போ. அந்த அப்ரானின் பார்ட் நம்பரைச் சொல்வார்கள். துண்டு வந்த வண்டியின் சேஸ் நம்பரையும் கடைக்காரரிடம் எழுதி வாங்கி, அதையும் அங்கேயே கேள். இரண்டுக்கும் பார்ட் நம்பர் ஒன்றாக வந்தால் பாதிக் கவலை போச்சு. எழுதித் தருவதில் ஓ, ஐ, க்யூ இருந்தால் தப்பாகப் படித்திருக்கிறார். அந்த மூன்று எழுத்தும் சேஸ் நம்பரில் வராது. நம்பரே தரமாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம். எங்கிருந்து கழற்றிய வண்டியோ, யாருக்குத் தெரியும். பில்லிலும் அந்த வண்டி நம்பரை எழுதச் சொல். ஸ்விஃப்டின் டிக்கி வைத்த அண்ணன் தம்பியான டிசையரின் துண்டைக் காட்டினாலும் இதே கணக்குதான், வண்டியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே.

அப்புறம் துண்டைத் தொட்டுப் பார். சைடு மெம்பரின் அடியில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டு. கம்பெனியில் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் என்றால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி தட்டும். குழியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் யாரோ ஏற்கனவே கிரைண்டர் பிடித்திருக்கிறார்கள். முன்பக்கம் மடிப்பும் ஓட்டையும் தெரியும். அவற்றைப் பார்த்துப் பயப்படாதே. மோதினால் அங்கே மடங்கட்டும் என்று கம்பெனிக்காரனே வைத்தது. ஆனால் அந்த மடிப்பு ஏற்கனவே நசுங்கி, மேலே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் விட்டுவிடு.

எங்கே அறுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனி. ஷாக் தலைக்கு ஒட்டினாற்போல் அறுத்த துண்டு எனக்கு உதவாது. ஜாயின்ட்டைத் தாண்டி ஒரு சாண் விட்டு அறுத்திருந்தால்தான் பழைய ஸ்பாட்டை டிரில் பண்ணிப் பிரித்து, கம்பெனி ஜாயின்ட்டிலேயே சேர்க்க முடியும். ஓரம் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கேஸ் வைத்து அறுத்தது. இந்த வண்டிகளில் வரும் உறுதித் தகரம் சூடு பட்டால் பலம் இழந்துவிடும்.

மாப்பிள்ளையை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல். அந்தத் துண்டில் ஷாக் தலை போல்ட் ஓட்டையிலிருந்து சைடு மெம்பரின் முன் ஓட்டை வரை அள. உன் வண்டியில் அடிபடாத இடதுபக்கத்திலும் அதே அளவை எடு. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் எனக்குப் போன் பண்ணு, கடைக்காரரிடம் வாய் கொடுக்காதே.

சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். நம்பர் எல்லாம் சரியாக இருந்தால் ஞாயிறு காலையில் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். அதுவரை துண்டை எடுத்து வைக்கச் சொல், போதும்.

அன்புடன்,
அப்பா