வருகைப் பதிவு சம்மதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரப் பலகையில் சான்றிதழ் முத்திரை இருந்தால், அது வந்த காட்டிலுள்ள ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் ஒப்புக்கொண்டுதான் மரம் வெட்டினார்கள் என்று நம் ஊர்க் கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். விதியும் அப்படித்தான். 1993இல் உருவான எஃப்எஸ்சி என்ற உலகக் காட்டுச் சான்றிதழ் அமைப்பும், 2009இல் பிஇஎஃப்சி என்ற இன்னோர் உலகச் சான்றிதழ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மலேசிய மரச் சான்றிதழ்த் திட்டமும் பூர்வகுடிகளின் மரபுவழி உரிமையை மதிக்கச் சொல்கின்றன.

கோளாறு, அவர்களிடம் சம்மதம் கேட்கக் கூட்டம் நடத்தும் விதத்தில் இருக்கிறது. தோக் பாத்தின் எனும் ஊர்த்தலைவரை மட்டும் அழைத்துப் பேசினால், காட்டில் பெத்தாய்க் காய் பறிக்கவும் பிரம்பு வெட்டவும் போனவர்கள் விடுபட்டுப் போவார்கள், பெண்களும்தான். வந்ததற்குப் போட்ட கையெழுத்து, அறிக்கையில் சம்மதக் கையெழுத்தாகிவிடும். (தோட்டத்தில் தணிக்கைக்கு முதல் நாள் தொழிலாளர் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்த நமக்கு இது புதிதா?)

சுங்கை சிப்புட்டுக்கு மேலேயுள்ள தெமியார், செமாய் எனும் ஓராங் அஸ்லி மக்களின் கம்போங்குகள் (கிராமங்கள்), சான்றிதழுக்கான தணிக்கையாளர் வருமுன்பே தங்கள் எல்லையை வரைந்து வைப்பது நல்லது. வீடுகளை மட்டும் குறித்தால் போதாது. இடுகாடு, தண்ணீர் எடுக்கும் ஓடை, முன்னோர் நட்ட டுரியான், முக்கியமாகப் பயிரிட்டபின் ஓய்வில் விட்ட பெலுக்கார். வெளியார் கண்ணுக்கு அது ஆளில்லாத புதர். முதலில் பறிபோவதும் அதுதான்.

அடர்ந்த மரநிழலில் கைப்பேசி ஜிபிஎஸ் பல மீட்டர் தடுமாறும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று, இரண்டு மூன்று முறை பதிய வேண்டும். இதைவிடப் பெரிய பிசகு ஒன்று உண்டு. கைப்பேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது இட அளவுக் கணக்கு. பழைய அரசாங்க வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற உள்நாட்டு இட அளவுக் கணக்கு. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் எல்லை நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து, இடுகாடே வெட்டும் பகுதிக்குள் போய் விழும். வரைபடம் முழுவதையும் ஒதுக்கித் தள்ள அந்த ஒரு பிழை போதும்.

புகாரை வாயால் சொன்னால் காற்றோடு போகும். தேதி, இடப்புள்ளி, படத்தோடு எழுதி, சான்றளித்த நிறுவனத்துக்கே அனுப்பி நகல் வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் நடக்கும் கண்காணிப்புத் தணிக்கையில் அதை எடுத்துக் கேட்கலாம். ‘ஓராங் அஸ்லி நிலமாக அரசிதழில் வராத நிலம்’ என்ற பதிலுக்கு வாயடைத்துப் போகவும் தேவையில்லை. சகோங் தாசி என்ற ஓராங் அஸ்லி தொடுத்த நில வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், அரசிதழில் சேராத நிலத்திலும் தெமுவான் எனும் ஓராங் அஸ்லி மக்களின் உரிமையை ஏற்றுக்கொண்டன.

தணிக்கையின் சுருக்க அறிக்கை பொதுவில் வெளியாகிறது. பலகை வாங்கும் கடைக்காரர்கள், எந்தக் கம்போங்கில் யாரிடம் பேசினார்கள் என்ற பக்கத்தையாவது ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும்.

தோட்டப்புற வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்