முதல் வாரம் கணினியைத் திறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலிடெக்னிக்கில் வலைச் செயலி உருவாக்கம் சொல்லித் தருகிறேன். பாடம் நேராக, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் தொடங்கிவிடுகிறது. இந்த முறை முதல் வாரம் முழுக்க, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வைக்கும் இணைப்பு பிறந்த கதைதான்: 1945-இல் வன்னேவர் புஷ் கற்பனை செய்த, ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் மெமெக்ஸ் இயந்திரம், 1968-இல் சான் பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கெல்பார்ட் இணைப்பைச் சொடுக்கிக் காட்டியது, அப்புறம் டெட் நெல்சன் விரும்பிய இருவழி இணைப்பு, அதாவது தன்னைச் சுட்டுவது எது என்று சுட்டப்படும் பக்கத்துக்கும் தெரியும் இணைப்பு.

"இருவழியாக இருந்தால் 'பக்கம் இல்லை' என்று வரும் 404 பிழை குறைந்திருக்குமே மேடம், ஏன் விட்டுவிட்டார்கள்?" என்றாள் ஒரு மாணவி. எவ்வளவு நல்ல கேள்வி! டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையில் இணைப்பு ஒருவழிதான். அதனால்தான் யார் அனுமதியும் கேட்காமல் எவர் பக்கத்தையும் சுட்ட முடிகிறது. சுட்டிய பக்கம் காணாமல் போனாலும் வலை நிற்பதில்லை. இது புரிந்த பிறகு பக்கங்களை வைத்திருந்து அனுப்பும் சர்வர், அதற்குப் போகும் கோரிக்கை, அது தரும் பதில் எல்லாம் எளிதாக ஏறின.

பாடத்திட்டம் வகுப்போர் இந்தக் கதைக்கு நான்கு வகுப்புகளாவது ஒதுக்க வேண்டும்.

– ஒரு விரிவுரையாளர், திண்டுக்கல்