எறும்புத்தின்னி செய்தியில் விலை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எறும்புத்தின்னி ஓடு வைத்திருந்தவர்கள் பிடிபட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், உங்கள் நாளிதழிலும் சரி மற்றதிலும் சரி, தவறாமல் ஒரு வரி இருக்கிறது: சர்வதேசச் சந்தையில் இதன் மதிப்பு இத்தனை லட்சம். சில சமயம் பக்கத்திலேயே 'மருத்துவ குணம் கொண்ட' என்றும் சேர்ந்துவிடுகிறது. தயவுசெய்து இந்த இரண்டையும் நிறுத்துங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் சிறுமலை அடிவாரத்து ஊர்க்காரி. எறும்புத்தின்னியை அழுங்கு என்றும் சொல்வோம். பகலில் வளைக்குள் தூங்கி இரவில்தான் வெளியே வரும் என்பதால் காட்டோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் அதை உயிரோடு பார்த்ததில்லை. நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், தோப்பில் நாய்கள் விடாமல் குரைக்கின்றன என்று அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போக, நானும் பின்னாலேயே ஓடினேன். பந்து மாதிரி சுருண்டு கிடந்தது. நாய் மூக்கால் உருட்டுகிறது, கடித்துப் பார்க்கிறது, பல் இறங்கவே இல்லை. அப்பா நாய்களைப் பிடித்துக் கட்டிவிட்டு என்னையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். காலையில் போய்ப் பார்த்தால் அது இல்லை, கரையான் புற்றின் அடியில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

ஓடு என்று சொன்னாலும் ஆமைக்கு இருப்பது போல ஒரே மூடியாக இருக்காது. நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் செதில்கள் அவை, தோலிலிருந்து முளைத்து, மண்ணைத் தோண்டித் தோண்டித் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். வயிற்றிலும் முகத்திலும் காலின் உட்பக்கத்திலும் செதில் கிடையாது. அந்த மெத்தென்ற பாகத்தையெல்லாம் உள்ளே வைத்து வாலால் மூடிக்கொண்டால் சிறுத்தைக்கே பிரிப்பது கஷ்டம். பிறந்த குட்டிக்குச் செதில் இளசாக இருக்கும், அதனால் ஆபத்து வந்தால் தாய் குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும். வாயில் பல்லே கிடையாது, சுருண்டுகொள்வதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. நாய்க்கும் சிறுத்தைக்கும் அது போதும். சாக்கோடு வருகிற மனிதனுக்கு, அது ஓடாமல் ஒரே இடத்தில் கிடப்பது வசதியாகப் போய்விடுகிறது, அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான், போனதை ஈடுகட்ட அதனால் முடியாது.

சரி, அந்த ஓட்டில் என்னதான் இருக்கிறது? கெரட்டின். நம் நகமும் முடியும் அதனால் ஆனவைதான். மூலத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் தாத்தா அழுங்கு ஓட்டு மோதிரத்தை வருஷக்கணக்காகப் போட்டிருந்தார், கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த பிறகுதான் அவருக்குச் சரியானது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. நூற்றாண்டுகளாக இதை மருந்தில் சேர்த்துவந்த சீனாவே 2020-ல் தன் அதிகாரபூர்வ மருந்துப் பொருள் பட்டியலிலிருந்து எறும்புத்தின்னிச் செதிலை நீக்கிவிட்டது. அப்படியிருக்க நம் செய்தியில் மட்டும் 'மருத்துவ குணம்' எப்படி வருகிறது?

விலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் அப்படி ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தபோது நானும் அங்கே இருந்தேன். கைதானவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "இவ்வளவு போகுமா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு முறையாகப் பிடிபட்ட செதில் மட்டும் 25 டன்னுக்கு மேல், நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போன சரக்கு. அதற்காகக் கொல்லப்பட்டவை சுமார் 38,000 எறும்புத்தின்னிகள் என்று கணக்கிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எண் போட்டே ஆகவேண்டும் என்றால் வேறு எண் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது, வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. விலை போடும் இடத்தில் அதைப் போடுங்கள். டீக்கடையில் அதையும் சத்தமாகத்தான் படிப்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. தோட்டத்திலோ வீட்டுப் பக்கமோ அழுங்கைப் பார்த்தால் என்ன செய்வது என்று நிறைய பேருக்குத் தெரியவில்லை. தொட வேண்டாம், கூட்டம் கூட வேண்டாம். நாயைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். அடிபட்டிருந்தாலோ கிணற்றில் விழுந்திருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். மற்றபடி பயம் தெளிந்ததும் அதுவே சுருளைப் பிரித்துக்கொண்டு போய்விடும். இந்த நாலு வரியை அடுத்த முறை செய்திக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியாகப் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.