பாட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் ஸ்டெம்மையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு ஸ்டுடியோக்கள் பெருகிவருவதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். ஒரு லேப்டாப் இருந்தால் போதும், கோவையில் பாடி சென்னையில் மிக்ஸ் பண்ணிக்கொள்ளலாம் என்கிற ரீதியில் இருந்தது. பண்ணலாம்தான். ஆனால் இங்கே இருப்பவர் கியூபேஸ் என்ற இசை மென்பொருளிலும் அங்கே இருப்பவர் லாஜிக் என்ற இன்னொன்றிலும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கீபோர்டு புரோகிராமிங் செய்து பிழைக்கிறவன் என்பதால், ஸ்டெம், அதாவது குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பிரித்த ஆடியோ ஃபைல்கள், ஏன் வேண்டும் என்று சொல்ல எழுதுகிறேன்.

ஒன்றில் சேமித்த ப்ராஜெக்ட், அதாவது பாட்டின் வேலை முழுவதும் இருக்கும் ஃபைல், இன்னொன்றில் திறக்காது. லாஜிக் ஆப்பிளின் மேக்கிலும் ஐபேடிலும் மட்டும்தான் ஓடும் என்பதால் விண்டோஸ்காரருக்கு அந்த ஃபைலை அனுப்பினாலும் ஒன்றுதான், அனுப்பாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஏ.ஏ.எஃப்., ஓ.எம்.எஃப். என்று பழைய ஃபைல் வடிவங்கள் இருக்கின்றன. சினிமாவில் எடிட்டிங்கிலிருந்து சவுண்டுக்குப் போக அவை உதவும், ஆனால் வந்து சேர்வது ஆடியோ துண்டுகளும் அவை இருக்கவேண்டிய இடமும் கொஞ்சம் வால்யூமும்தான்.

சரி, மிடி ஃபைல் (ஒலி இல்லாமல், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பு மட்டும் இருப்பது) எல்லாவற்றிலும் திறக்குமே என்பார்கள். திறக்கும். ஆனால் நம் இசைக்கு அங்கேதான் சிக்கல். கமகத்தை, அதாவது ஸ்வரத்தை இழைத்து அசைப்பதை, நாங்கள் கீபோர்டின் பிட்ச் பெண்ட் வீலை உருட்டி வாசிக்கிறோம். வீல் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் ஃபைலில் பதிவாகும், அது எத்தனை ஸ்வரம் தாண்டவேண்டும் என்பதை அந்தப் பக்கம் இருக்கும் சவுண்டின் செட்டிங் முடிவு செய்யும். இங்கே இரண்டு செமிடோன் (அரை ஸ்வரம்) வைத்து ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவே இழைத்த நாதஸ்வரப் பிடி, அங்கே பன்னிரண்டு வைத்திருந்தால் மேல் ஸ வரை தாவி அலறும்! அப்புறம் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவு செய்கிறோம் என்ற கணக்கு. 48,000-இல் பதிவு செய்ததை மாற்றாமல் 44,100-இல் ஓட்டினால் நாலு நிமிஷப் பாட்டு இருபது விநாடி நீண்டு, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிடும்.

போன மாதம் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். ஊர் அம்மன் கோவிலுக்காகச் சில வருஷம் முன்பு வேறொரு இடத்தில் பதிவு செய்த பாடல்கள், பாடிய பெரியவர் இப்போது இல்லை, குரலை வைத்துக்கொண்டு மியூசிக்கை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். உள்ளே என்னிடம் இல்லாத மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைல், கூடவே ‘ஆடியோ 1_37’ என்பது மாதிரிப் பெயர்களோடு ஏகப்பட்ட துண்டுகள், எது பல்லவி, எது வேண்டாமென்று விட்ட டேக் என்று பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அவர் போனில் இருந்த எம்பி3-யோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் பொறுக்கினேன். வேலை முடிந்ததும் ஸ்டெம் எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

ஸ்டெம் என்று நான் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் பூஜ்யத்திலிருந்து கடைசி வரை ஒரே நீளத்தில், 24 பிட் வேவ் ஃபைலாக, ‘தவில்’, ‘மெயின் குரல்’ என்று பெயரோடு. குரல் மட்டும் ரிவெர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்) போட்டது ஒன்று, போடாதது ஒன்று. டெம்போவும் (பாட்டின் வேகம்) சாம்பிள் ரேட்டும் ஒரு சீட்டில். எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாக உட்கார்ந்துவிடும்.

2023-இல் பிட்விக், பிரிசோனஸ் என்ற இசை மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து டாப்ராஜெக்ட் (DAWproject) என்றொரு பொது ஃபைல் வடிவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி வெளியிட்டன. ஆடியோவோடு மிடி, டெம்போ, ஆட்டோமேஷன் (வால்யூம் போன்றவை பாட்டுக்குள் தானாக ஏறி இறங்கும் பதிவு), பிளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் ஒலிக் கருவி மென்பொருள்) செட்டிங் வரை கொண்டுபோகும், கியூபேஸ் 14-லும் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனாலும் அதே பிளக்-இன் அந்தக் கம்ப்யூட்டரிலும் இருந்தாக வேண்டும், எல்லா நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தன் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போக யார்தான் வழி செய்து கொடுப்பார்கள்?

அதனால் பாட்டுக்குக் காசு கொடுப்பவர்கள், கோவில் கமிட்டியோ குறும்படக்காரரோ, ரேட் பேசும்போதே ஸ்டெம்மும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஸ்டுடியோவில் அந்தக் கம்ப்யூட்டரே மாறியிருக்கும், இருந்தாலும் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு கீபோர்டு புரோகிராமர்,
கோயம்புத்தூர்