காருக்குள் நாயும் அந்தப் ‘பத்து நிமிஷமும்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்தால் போதும், வளர்ப்புப் பிராணிகளுக்கான கோடைக்காலக் குறிப்புகள் எல்லாப் பக்கமும் வரத் தொடங்கிவிடும். அவற்றில் ஒன்று வருடம் தவறாமல் தலைகாட்டுகிறது: ‘நாயைக் காரில் விட்டுச் செல்ல நேர்ந்தால் வண்டியை நிழலில் நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.’ நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த யோசனையை நம்பித்தான் பலர் தைரியமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

வெளியே 35 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 45 டிகிரி ஆகிவிடும். 20 நிமிடத்தில் 51, அரை மணியில் 54, ஒரு மணி நேரத்தில் 59. ஏற்றத்தில் பெரும்பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கண்ணாடியை ஒன்றிரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் இந்தக் கணக்கு மாறுமா என்று அமெரிக்காவில் அளந்து பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. வெயில் கண்ணாடி வழியே உள்ளே வந்து டாஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கிறது. அவை திருப்பி விடும் அனலைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்று வெளியேற அந்த இடுக்கு போதாது. மோட்டார் வாகன விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட்டாக வேண்டும் என்பதால், இருண்ட கண்ணாடி காப்பாற்றும் என்ற நினைப்பும் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் விரிக்கும் வெள்ளித்தாள் மறைப்பு ஸ்டீயரிங் சுடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நிழலும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பதினொரு மணிக்கு வேப்பமரத்தடியில் விட்ட வண்டி பன்னிரண்டு மணிக்கு முழு வெயிலில் நிற்கும். கத்திரி வெயில் முடிந்துவிட்டதே என்றும் அசந்துவிடக் கூடாது. வெளியே 24 டிகிரி இருந்தாலே அரை மணியில் உள்ளே 43 ஆகிறது. அதாவது மார்கழி மாதத்துச் சென்னை மதியமும் போதும்.

இதில் நாயின் உடல்வாகையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும்தான், அதனால் பெரிய பயன் இல்லை. அது சூட்டை வெளியேற்றுவது நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதன் மூலம். ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 300-ஐத் தாண்டும். நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் ரத்தம் குளிர்கிறது. மூடிய காருக்குள் அதன் மூச்சின் ஈரமே காற்றை நிறைத்துவிடுகிறது. ஈரக் காற்றில் துணி காயாதது போல நாக்கின் ஈரமும் ஆவியாகாது. அதற்கு மேல் எவ்வளவு வேகமாக இரைத்தாலும் தசைகள் உழைத்துக் கூடுதல் சூடுதான் உண்டாகும்.

நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் வெப்ப அதிர்ச்சி. 43-ஐ நெருங்கும்போது மூளை, குடல், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ஒரே நேரத்தில் பழுதாகத் தொடங்கும். இயல்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது இரண்டே டிகிரி. பக், புல்டாக், பிரெஞ்ச் புல்டாக், ஷி சூ, பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல் என்பதால் அந்த இரண்டு டிகிரி இன்னும் சீக்கிரம் கரையும். குண்டான நாய், கிழ நாய், குட்டி, இதய நோய் உள்ளது, வயதானதும் குரல் கரகரத்துப்போன லாப்ரடார் ஆகியவையும் அப்படித்தான். நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் நம் வெயிலுக்குப் பழகியவைதானே என்பார்கள். பழகியது திறந்தவெளி வெயிலுக்கு. கண்ணாடிப் பெட்டிக்கு அல்ல. (சைபீரியன் ஹஸ்கியை வேலூரில் வளர்க்க வேண்டுமா என்பதைத் தனிக் கடிதமாகவே எழுதலாம்.)

நாயை யாரும் வேண்டுமென்றே காரில் வாட்டுவதில்லை. கோவிலுக்குள் நாயை விட மாட்டார்கள், ஜவுளிக்கடையிலும் விட மாட்டார்கள், நெடுஞ்சாலை ஓட்டலிலும் விட மாட்டார்கள். ‘பத்து நிமிஷத்துல வந்துடுவோம்’ என்று சொல்லித்தான் போகிறார்கள். தரிசன வரிசையும் பில் கவுன்ட்டரும் அந்தப் பத்து நிமிடத்தை முக்கால் மணி ஆக்கிவிடுகின்றன. ஆகவே பயணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வழியில் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் நாயோடு வெளியில் நிழலில் நிற்கப் போவது யார்? அதற்கு ஆள் இல்லையென்றால் நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

‘ஏசியை ஓடவிட்டுத்தானே போகிறோம்’ என்பவர்களுக்கும் சில வார்த்தைகள். வண்டி நின்றபடி ஏசி ஓடும்போது, முன்னால் உள்ள விசிறி பழுதானாலோ எஞ்சின் சூடேறினாலோ கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். ப்ளோயர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிக்காற்றின் அனலை உள்ளே அள்ளிக்கொட்டியபடி. வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் சத்தம் கேட்கும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சிலவற்றில் சாவி உள்ளே இல்லாமல் குறிப்பிட்ட நேரம் ஓடினால் எஞ்சின் தானே அணைந்துவிடும். பதற்றத்தில் ஏறிக் குதிக்கும் நாயின் கால் பட்டு கண்ணாடி இறங்கலாம், கதவு பூட்டிக்கொள்ளலாம், கியர் நகரலாம். அடித்தள பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிடுவது புகையால் இன்னொரு ஆபத்து.

ஓடும் வண்டியிலும் ஒரு கவனக்குறைவு உண்டு. நாயைப் பின்னால் டிக்கியிலோ மூன்றாம் வரிசையிலோ ஏற்றிவிட்டு, முன்னால் இருப்பவர்கள் ஏசி குளிரில் தூங்கிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அங்கே ஏசி துவாரமே கிடையாது. பின் கண்ணாடி வழியே வெயில் மட்டும் வரும். நாய் இருக்கும் இடத்தில் ஒரு சிறிய வெப்பமானியைத் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும். நீண்ட பயணத்துக்கு விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்படுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது, குறைந்தது 5 லிட்டர் தண்ணீரைத் தனியாக நாய்க்கென்று வைத்துக்கொள்வது ஆகியவை போதும். நிறுத்தும் இடத்தில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

வாய்மூடி பற்றியும் சொல்ல வேண்டும். நாயைப் பொது இடத்துக்கு அழைத்து வரும்போது வாய்மூடி போடச் சொல்வது பாதுகாப்புக்கு நல்லதே. ஆனால் மலிவாகக் கிடைக்கும் நைலான் பட்டை வாயை இறுக்கி மூடிவிடும். வாய் திறக்காவிட்டால் இரைக்க முடியாது. இரைக்க முடியாத நாய்க்கு வெப்ப அதிர்ச்சி வரக் கார்கூடத் தேவையில்லை, பகல் நடையே போதும். நாய் வாயைத் திறந்து நாக்கை நீட்டவும் தண்ணீர் குடிக்கவும் இடம் கொடுக்கும் கூடை வடிவ வாய்மூடியை மட்டும் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அசம்பாவிதம் நடந்தால்? முதலில் அடையாளம் தெரிய வேண்டும். நாக்கின் நுனி அகன்று கரண்டி போலத் தட்டையாகும். ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவக்கும். எச்சில் தண்ணீராக வழியாமல் பிசின் போல நூல் நூலாகத் தொங்கும். காரின் பக்கக் கண்ணாடியில் அந்தக் கோடுகள் காய்ந்து கிடப்பதைக் காணலாம். அடுத்து வாந்தி, பேதி, தள்ளாட்டம். ஈறு வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ கடைசிக் கட்டம்.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறப்பது. போக்குவரத்தில் கழியும் அரை மணியும் உடம்பு வெந்துகொண்டே இருக்கிறது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். நிழலுக்குக் கொண்டுவந்து கழுத்துப் பட்டையையும் வாய்மூடியையும் கழற்றுங்கள். கழுத்திலிருந்து வால்வரை, குறிப்பாக வயிறு, தொடையின் உட்புறம், அக்குள், பாதம் நனையும்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு செம்பு தெளிப்பது பயன்படாது. இரண்டு மூன்று வாளி வேண்டும். தலையை உயர்த்திப் பிடியுங்கள், மூக்கில் தண்ணீர் போகக் கூடாது. கூடவே ஒருவர் விசிற வேண்டும். அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினாலும் போதும். காற்றுப்பட்டு ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை: மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும். வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயில் தேங்கிய தண்ணீர் இன்னும் மோசம். அதைத் திறந்து ஓடவிட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகே நாய்மேல் ஊற்றுங்கள். தரைத்தொட்டித் தண்ணீர், பானைத் தண்ணீர், கேன் தண்ணீர் எது கிடைத்தாலும் சரி. நாயின் உடம்பைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஐஸ் தேடிக் கடை கடையாக ஓடுவது நேர விரயம். ஈரத் துண்டைப் போர்த்தவும் கூடாது. இரண்டு நிமிடத்தில் துண்டு சூடாகி, காற்றை அடைத்துக் கம்பளியாகிவிடும். அதே துண்டை நாய்க்கு அடியில் விரித்தால் தவறில்லை.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால், நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் நுழைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். 39.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பிறகும் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். விட்டால் நாய் விறைத்துவிடும். கருவி இல்லாவிட்டால், இரைப்பு தணிந்து தலை தூக்கிப் பார்க்கும் வரை ஊற்றலாம். 10, 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்காமல் ஈர உடம்போடு வண்டியில் ஏற்றி, ஏசியை முழுவதும் வைத்துப் புறப்படுங்கள். மருத்துவருக்குப் போனில் சொல்லிவிட்டால் டிரிப்ஸ் தயாராக இருக்கும். நினைவோடு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டலாம்; புகட்டக் கூடாது. வெங்காயம் நறுக்கிப் போட்ட நீர்மோரும் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பாராசிட்டமால் தரவே கூடாது. இது காய்ச்சல் அல்ல, மாத்திரைக்கு இறங்காது. கல்லீரலைக் கெடுப்பதுதான் மிச்சம்.

எழுந்து வாலாட்டிவிட்டது, இனி எதற்கு மருத்துவமனை என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். சூடு பட்ட குடலின் உட்சுவர் உரிந்து கிருமிகள் ரத்தத்தில் கலப்பதும், ரத்தம் உறையும் தன்மை குலைவதும், சிறுநீரகம் சுருண்டுபோவதும் அடுத்த ஒன்று முதல் மூன்று நாட்களில்தான் வெளிப்படும். வயிற்றுத் தோலில் ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள், கறுப்பாக அல்லது ரத்தமாகப் பேதி, சிறுநீர் குறைதல் இவையெல்லாம் அப்போது தெரியும். அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையும் டிரிப்ஸும் தொடங்கியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

சட்டம் பெரிதாகக் கை கொடுப்பதில்லை. 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தப் பணத்தில் இன்று பல ஓட்டல்களில் மசால் தோசைகூட வராது.

பூட்டிய காரில் நாய் துவள்வதைப் பார்க்கும் வழிப்போக்கர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, நான்கு கதவையும் இழுத்துப் பார்த்து, 112-க்குச் சொல்ல வேண்டும். ஒருவர் காவலாளியிடம் ஓட, இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். நாய் விழுந்துவிட்டது, ஆளும் வரவில்லை என்றால் உடைப்பது நாயிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியாக இருக்கட்டும். கூரான, கடினமான பொருளால் கீழ் மூலையில் அடித்தால் பொடியாக உதிரும். முன் கண்ணாடி உதிராது, அதில் நேரம் போக்க வேண்டாம். பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்துடன் செய்யும் சேதத்துக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது பொருந்துமா என்று முடிவு செய்வது நீதிமன்றம். எனவே சாட்சியும் வீடியோவும் அவசியம்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. நாய்க்கு உரிமம் தரும் உள்ளாட்சி அமைப்புகள் தடுப்பூசிச் சான்று கேட்பதோடு நிறுத்தாமல், வெப்ப அதிர்ச்சி முதலுதவியை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கோவில், மால், ஜவுளிக்கடை பார்க்கிங்கில் டோக்கன் கொடுப்பவர், கொடுக்கும்போதே பின்சீட்டை எட்டிப் பார்த்து, டோக்கனில் ஓட்டுநரின் செல்போன் எண்ணை எழுதி வாங்க வேண்டும். வழியை மறித்து நிற்கும் வண்டிக்காக ‘டிஎன் 23 எண்ணுள்ள வாகனத்தின் உரிமையாளர் உடனே வரவும்’ என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்களே, அதே மைக்கில் உள்ளே நாய் இருக்கும் வண்டிக்கும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
செல்லப் பிராணி சிகிச்சை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் நால்வர்,
வேலூர்.